நமத்துப் போவதும் காறிப் போவதும்: சிப்ஸ் பாக்கெட்டின் கதை

2014ஆம் ஆண்டு தென்கொரியாவின் சியோல் நகரத்தில் கல்லூரி மாணவர்கள் சிலர் ஹான் ஆற்றில் ஒரு தெப்பம் விட்டார்கள். மூங்கில் கிடையாது, கட்டை கிடையாது. பிரிக்காத சிப்ஸ் பாக்கெட்டுகள், சுமார் 160. எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டி, அதன்மேல் ஏறி, துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாக்கெட்டுக்குள்ள தின்பண்டத்தைவிடக் காத்துதான் அதிகமா இருக்குன்னு நிரூபிக்கத்தான் இந்தப் பயணம். அந்த ஊரில் அப்போது ஒரு கிண்டலும் ஓடிக்கொண்டிருந்தது: நைட்ரஜன் வாங்கினால் சிப்ஸ் இலவசம்!

நம்ம ஊர்லயும் இதே புலம்பல் உண்டு. பெட்டிக்கடையில் பாக்கெட்டைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு "பாதிக்கு மேல காத்துய்யா" என்று சொல்லாத ஆள் கிடையாது. அளவு குறைகிறது என்ற கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் காத்து அங்கே வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் படித்தபோது எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே கட்டுரையாக்கியிருக்கிறேன்.

இரண்டு சொற்கள், இரண்டு நோய்கள்

முதலில் நம்ம சமையலறைக்குப் போவோம். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு பத்து நாள் கழித்து இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, நமத்துப் போகும். கடித்தால் நொறுங்காமல் ரப்பர் மாதிரி இழுக்கும். இன்னொன்று, காறிப் போகும். மொறுமொறுப்பு அப்படியே இருக்கும், ஆனால் வாயில் வைத்ததும் தொண்டையைக் கரகரக்கும் ஒரு பழைய எண்ணெய் வாடை. சிக்கு வாடை என்றும் சொல்வோம்.

இரண்டும் வேறு வேறு என்பது பலகாரம் சுடுகிற எவருக்கும் தெரியும். நமத்துப் போனதை வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி மீட்டுவிடலாம். காறிப் போனதை என்ன செய்தாலும் மீட்க முடியாது. காரணம், முதலாவது வெறும் ஈரம். உள்ளே போன தண்ணீரை வெளியே துரத்தினால் சரியாகிவிடும். இரண்டாவது எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்து நடக்கிற வேதிவினை. நடந்தது நடந்ததுதான்.

இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், சிப்ஸ் பாக்கெட்டின் வரலாறு சுலபமாகப் புரிந்துவிடும். பாக்கெட் செய்தவர்கள் முதலில் சண்டை போட்டது நமப்போடு. அதில் ஜெயித்த பிறகுதான், காறல் என்ற இரண்டாவது எதிரி முழுசாகத் தெரிய வந்தான்.

எட்டு மாத மௌனம்

எண்ணெய் காற்றை "உண்கிறது" என்பதை அளந்து காட்டியவர்களில் முன்னோடி, ஜெனீவாவைச் சேர்ந்த நிக்கோலா தெயோடோர் த சொஸ்யூர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வால்நட் எண்ணெயைத் தண்ணீர்மேல் மெல்லிய படலமாகப் பரப்பி, பாதரசத்தால் மற்ற காற்று வராமல் அடைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைகிறது என்று கணக்கு வைத்தார்.

முதல் 8 மாதங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் தன் கொள்ளளவைப் போல 3 மடங்கு ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொண்டது. பிறகு திடீரென்று, அடுத்த 10 நாட்களில் மட்டும் 60 மடங்கு! அதற்கப்புறம் வேகம் மெல்லக் குறைந்து, இன்னும் மூன்று மாதம் போனபோது மொத்தம் 145 மடங்கைத் தொட்டது. அதற்குள் எண்ணெய் கெட்டியாகி நாற ஆரம்பித்திருந்தது.

ஏன் இப்படி எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, பத்தே நாளில் பொங்க வேண்டும்? சரியான விடை கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1940களில் பிரிட்டனில், ரப்பர் ஆராய்ச்சிக்காக இருந்த ஒரு சங்கத்தின் ஆய்வகத்தில் ஃபார்மர், போலண்ட், பேட்மன் முதலியோர் இதன் வேதியியலை விளக்கினார்கள். ரப்பரையும் எண்ணெயையும் கெடுப்பது ஒரே வகை வினைதான்.

சுருக்கமாகச் சொன்னால் இது ஒரு சங்கிலி வினை. எண்ணெயில் இருக்கும் நிறைவுறாக் கொழுப்பு மூலக்கூறு ஒன்றிலிருந்து எப்படியோ ஒரு ஹைட்ரஜன் பிடுங்கப்படுகிறது. சூடோ, வெளிச்சமோ, துளி இரும்பு, செம்போ அதற்குப் போதும். அந்தக் காலி இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்காருகிறது. உட்கார்ந்ததும் பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அது அடுத்ததிடம் பிடுங்குகிறது. இப்படியே போய்க்கொண்டிருக்கும்.

எண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் வைட்டமின் ஈ போன்ற பொருட்கள் குறுக்கே விழுந்து இந்தச் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கும். அவை தீரும்வரை மௌனம். தீர்ந்த பிறகு வெள்ளம். இன்னொரு தந்திரமும் உண்டு. முதலில் உருவாகிற பெராக்சைடுகளுக்கு வாசனையே கிடையாது. அவை உடைந்து ஹெக்ஸனால் போன்ற ஆல்டிஹைடுகள் வரும்போதுதான் மூக்குக்குத் தெரியும். அதாவது, நமக்கு வாடை வரும்போது விஷயம் எப்போதோ கைமீறிப் போயிருக்கும்.

இந்த எட்டு மாத மௌனத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் எந்த பாக்கெட்டும் காறலை நிறுத்துவதில்லை. எல்லா பாக்கெட்டும் செய்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மௌனத்தை நீட்டிப்பது.

பீப்பாயின் அடியில்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு சிப்ஸ் பீப்பாயிலோ கண்ணாடிப் பெட்டியிலோ கொட்டி வைத்து, கேட்பவர்களுக்கு அள்ளிக் காகிதப் பையில் போட்டுக் கொடுக்கப்பட்டது. நம்ம ஊர் சிப்ஸ் கடை மாதிரியேதான். ஒரு வித்தியாசம், இங்கே கண்ணெதிரில் பொரிக்கிறார்கள், அன்றைக்கே விற்றுவிடுகிறார்கள். அங்கே சிப்ஸ் எங்கிருந்தோ வண்டியில் வந்து, மளிகைக் கடையில் நாள்கணக்கில் கிடந்தது. மேலே இருப்பது முதலில் போகும். அடியில் இருப்பது நொறுங்கி, நமத்து, காறிப்போய்க் கடைசியில் யாரோ ஒருவர் தலையில் கட்டப்படும்.

சிப்ஸைப்போல எண்ணெய் கெடுவதற்கு வசதியான பண்டம் குறைவு. கிழங்கில் இருந்த தண்ணீர் பொரியும்போது வெளியேற, அந்த இடத்தில் எண்ணெய் புகுந்துகொள்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயாகவே இருக்கும். அந்த எண்ணெயும் மெல்லிய வில்லை முழுக்கப் பரவியிருக்கிறது. சொஸ்யூர் தண்ணீர்மேல் பரப்பிய படலத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1926இல் கலிபோர்னியாவின் மான்டெரி பார்க்கில் லாரா ஸ்கட்டர் என்ற பெண்மணி சிப்ஸ் தொழில் தொடங்கினார். செவிலியராக இருந்தவர், சட்டமும் படித்தவர். அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. வேலை செய்யும் பெண்கள் சாயங்காலம் மெழுகுத்தாளை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இஸ்திரிப் பெட்டியால் ஓரங்களைச் சூடுபடுத்தி ஒட்டிப் பையாக்கிக் கொண்டுவருவார்கள். மறுநாள் அதில் சிப்ஸை நிரப்பி, வாயையும் சூடான இஸ்திரியால் ஒட்டிவிடுவார்கள். உருகிய மெழுகே பசை!

இதோடு அவர் இன்னொன்றும் செய்தார். பையின்மேல் தேதி போட்டார். எதுவரை நன்றாக இருக்கும் என்பதைத் தின்பண்டப் பையில் அச்சிட்ட முதல் நிறுவனங்களில் ஒன்று அவருடையது. எனக்கு மெழுகுத்தாளைவிட இந்தத் தேதிதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 'இந்தப் பை கொஞ்ச நாள் தாங்கும், என்றைக்கும் தாங்காது' என்று விற்பவரே ஒப்புக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

கண்ணாடி மாதிரித் தாள்

மெழுகுத்தாளில் ஒரு குறை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்க செல்லோபேன் வந்தது. சுவிட்சர்லாந்துக்காரரான ஜாக் பிராண்டன்பெர்கர், மேஜை விரிப்பில் ஒயின் கொட்டியதைப் பார்த்து, கறை படியாத துணி செய்ய முயன்று, கடைசியில் இந்த ஒளிபுகும் தாளில் வந்து நின்றதாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1920களில் டூபாண்ட் நிறுவனம் இதைத் தயாரிக்க ஆரம்பித்தது.

ஆரம்பகால செல்லோபேன் தண்ணீரைத் தாங்கும், ஆனால் நீராவியை உள்ளே விட்டுவிடும். டூபாண்டின் வில்லியம் ஹேல் சார்ச் 1927இல் அதன்மேல் மிக மெல்லிய மெருகுப் பூச்சு ஒன்றைக் கொடுத்து ஈரம் புகாதபடி செய்தார். நமப்போடு நடந்த சண்டை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. பளபளவென்று உள்ளே இருப்பதைக் காட்டும் பை, மொறுமொறுவென்று இருக்கும் சிப்ஸ். கடைக்காரருக்கும் சந்தோஷம், வாங்குபவருக்கும் சந்தோஷம்.

இங்கேதான் இரண்டாவது எதிரி நுழைகிறான். ஈரத்தை அடைத்தால் எண்ணெயும் பத்திரம் என்று தோன்றும். நிஜத்தில் அப்படி இல்லை. பிற்காலத்தில், 1970களில், உணவு அறிவியலாளர்கள் காட்டியது இது: ரொம்பவும் காய்ந்த உணவில் எண்ணெய் இன்னும் வேகமாகக் காறும். ஒரு சொட்டு ஈரம் உணவின்மேல் மெல்லிய போர்வைபோல இருந்து எண்ணெயைக் கொஞ்சம் காக்கிறது. மொறுமொறுப்புக்காக அந்தப் போர்வையை உருவிவிட்டோம்.

போதாததற்கு அந்தக் கண்ணாடித் தாள் வழியாக வெளிச்சம் வேறு தாராளமாக உள்ளே வந்தது.

பச்சைத் தாள்

வெளிச்சம் எண்ணெய்க்கு ஆகாது என்பது பழைய அனுபவம். ஆலிவ் எண்ணெய் பெரும்பாலும் கரும்பச்சை பாட்டிலில் வருவது சும்மா அழகுக்கு இல்லை. 1930களில் அமெரிக்க வேளாண்மைத் துறையில் மேய்ன் கோ என்ற ஆய்வாளர் இதை முறையாகச் சோதித்தார். எண்ணெயையும் எண்ணெய் மிகுந்த உணவுகளையும் வெவ்வேறு நிறத் தாள்களில் சுற்றி வெளிச்சத்தில் வைத்தார். ஒளிபுகாத கறுப்பும், ஒரு குறிப்பிட்ட வகைப் பச்சையும் நன்றாகக் காப்பாற்றின. நிறமில்லாத தாளில் இருந்தவை சீக்கிரம் காறின.

இதற்கான காரணமும் பின்னால் தெளிவானது. தாவர எண்ணெயில் துளியளவு பச்சையம் தங்கியிருக்கும். அது வெளிச்சத்தை வாங்கி, பக்கத்தில் இருக்கும் சாதாரண ஆக்சிஜனை ஒரு முரட்டு வடிவத்துக்கு மாற்றிவிடும். இந்த முரட்டு ஆக்சிஜன் எண்ணெயைத் தாக்கும் வேகம் சாதாரண ஆக்சிஜனைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதைவிட மோசம், இதற்கு அந்த எட்டு மாத மௌனம் தேவையே இல்லை. நேராக வந்து தாக்கும்.

ஆக, வியாபாரம் கேட்டது ஒன்று, எண்ணெய் கேட்டது வேறு. வாங்குபவர் கண்ணுக்குப் பண்டம் தெரிய வேண்டும் என்றது வியாபாரம். எண்ணெய் இருட்டைக் கேட்டது. கடைசியில் ஜெயித்தது எண்ணெய்தான். இன்றைக்கு சிப்ஸ் பாக்கெட்டில் சிப்ஸின் படம் இருக்கும், சிப்ஸ் தெரியாது.

வெள்ளிப் பூச்சும் நைட்ரஜனும்

பாக்கெட்டைப் பிரித்தால் உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்குகிறதே, அது அலுமினியம். ஆனால் தகடு இல்லை. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி, பாலிப்ரொப்பிலீன் படலத்தின்மேல் படிய விடுகிறார்கள். தடிமன் சில பத்து நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இந்தப் பூச்சு ஒளியை அநேகமாக முழுக்கத் தடுக்கிறது. ஆக்சிஜனையும் ஈரத்தையும் பெருமளவு தடுக்கிறது. வெளியே அச்சிட்ட ஒரு படலம், நடுவில் ஒட்டவைக்கும் பாலிதீன், உள்ளே அலுமினியம் பூசிய படலம். மூன்றும் சேர்ந்தும் ஒரு தாள் கனம்தான்.

வெளியிலிருந்து வரும் ஆக்சிஜனுக்கு வழியை அடைத்தாயிற்று. ஆனால் பாக்கெட்டை ஒட்டும்போதே உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்று? அதில் 21 சதவீதம் ஆக்சிஜன் ஆயிற்றே!

இதே கேள்வி இரண்டாம் உலகப்போரின்போது பால்பவுடருக்கு வந்தது. கொழுப்பு நீக்காத பால்பவுடரைக் கப்பலில் தூரதேசம் அனுப்பினால் வழியிலேயே காறியது. டப்பாவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்பும் முறையை பிரிட்டனில் கேம்பிரிட்ஜின் ஆய்வு நிலையத்தில் சி. எச். லீயும் சகாக்களும் விரிவாகச் சோதித்தார்கள். அதில் ஒரு சுவாரசியமான சிக்கல். பவுடர் துகள்களுக்கு உள்ளேயே காற்று ஒளிந்திருக்கும். டப்பாவை மூடிய பிறகு மெதுவாக வெளியே கசியும். அதனால் ஒருமுறை வாயுவை நிரப்பி, காத்திருந்து, மறுபடியும் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது.

சிப்ஸிலும் கொள்கை அதேதான். படலச் சுருள் குழாயாக மடிந்து இறங்க, மேலிருந்து எடைபோட்ட சிப்ஸ் விழ, கூடவே நைட்ரஜன் பாய்ந்து காற்றைத் துரத்த, மேலும் கீழும் சூட்டில் ஒட்டி வெட்டப்படுகிறது. உள்ளே மிஞ்சும் ஆக்சிஜன் சில சதவீதத்துக்குள் அடங்கிவிடும். நைட்ரஜன் எண்ணெயோடு எந்த வம்புக்கும் போகாது. மெத்தை மாதிரி இருந்து வழியில் நொறுங்காமலும் பார்த்துக்கொள்ளும். கொரிய மாணவர்கள் மிதந்தது இந்த வாயுவில்தான்.

ஜப்பானியர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள். 1977இல் மிட்சுபிஷி கேஸ் கெமிக்கல் நிறுவனம் இரும்புத்தூள் நிரப்பிய சின்னப் பொட்டலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாக்கெட்டுக்குள் போட்டால் இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். அப்படியே உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். எண்ணெய்க்குப் பதில் இரும்பைப் பலி கொடுக்கும் ஏற்பாடு.

ஜெயித்ததற்கு விலை

இதுவரை எல்லாம் வெற்றிக்கதை. இனி கணக்கு.

நம்ம வீடுகளில் பால் கவரைக் கழுவிக் காயவைத்து, சேர்த்து வைத்து, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடும் வழக்கம் உண்டு. சிப்ஸ் கவரை யாராவது எடைக்கு எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? எடுக்க மாட்டார்கள். பால் கவர் முழுக்க முழுக்கப் பாலிதீன், உருக்கினால் மறுபடி பாலிதீன். சிப்ஸ் கவரில் ஒன்றோடொன்று ஒட்டிய படலங்கள், இடையில் உலோகப் பூச்சு. பிரித்தெடுக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் மதிப்பைத் தாண்டிவிடும். எந்த அடுக்குகள் எண்ணெயைக் காத்தனவோ, அதே அடுக்குகள்தான் கவரைக் குப்பையாக்குகின்றன.

டப்பாவில் போட்டாலும் தப்பவில்லை. பிரிங்கிள்ஸ் டப்பாவை வடிவமைத்த ஃபிரெட் பாவர் அதைப்பற்றி எவ்வளவு பெருமைப்பட்டார் என்றால், 2008இல் அவர் இறந்தபோது, அவர் ஆசைப்படி அஸ்தியில் ஒரு பகுதியை அந்த டப்பாவிலேயே வைத்துப் புதைத்தார்கள். அட்டை, அலுமினியத் தாள், உலோக அடி, பிளாஸ்டிக் மூடி எல்லாம் சேர்ந்த அதே டப்பாவை, 2017இல் பிரிட்டனின் மறுசுழற்சி சங்கம் மறுசுழற்சிக்குப் பெரிய வில்லன் என்று சொன்னது.

மாற்று முயற்சியும் நடந்தது. 2010இல் அமெரிக்காவில் ஃபிரிட்டோ-லே நிறுவனம் சன்சிப்ஸ் பண்டத்துக்கு மக்கும் தன்மையுள்ள பையைக் கொண்டுவந்தது. எண்ணெயைக் காத்தது, மக்கவும் செய்தது. ஆனால் தொட்டாலே பயங்கரச் சத்தம்! பேசுவது காதில் விழவில்லை என்று மக்கள் ஃபேஸ்புக்கில் குழு ஆரம்பிக்கும் அளவுக்குப் போய், அந்த ஆண்டு அக்டோபரிலேயே பெரும்பாலான வகைகளுக்குப் பழைய பைக்குத் திரும்பிவிட்டார்கள்.

இந்தியாவில் 2016இல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தச் சொன்னன. 2018இல் அந்த வாசகம் திருத்தப்பட்டது. மறுசுழற்சி முடியாவிட்டாலும், எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தால், வேறு உபயோகம் இருந்தால் பரவாயில்லை என்றாகிவிட்டது. சிமென்ட் ஆலை அடுப்பில் எரித்தால் கணக்குத் தீர்ந்தது. விதியின் பல் போய்விட்டது என்று விமர்சித்தவர்கள் உண்டு. ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் எல்லா அடுக்கையும் செய்யும் முயற்சிகள் இப்போது உலகெங்கும் நடக்கின்றன. அதில் ஜெயிப்பவர் லாரா ஸ்கட்டருக்குப் பக்கத்தில் உட்காரலாம்.

எண்ணெய்ப் பண்டம் காறாமல் இருப்பது அற்ப விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. வீணாகும் உணவு குறைகிறது, தூர ஊருக்கும் அனுப்ப முடிகிறது. ஆனால் தெருமுனைக் கடையில் காலையில் பொரித்துச் சாயங்காலம் தீர்ந்துபோகும் நேந்திரங்காய் சிப்ஸுக்கு இத்தனை அடுக்கும் தேவையில்லை. அதற்கு அந்த எட்டு மாத மௌனம் வேண்டாம், எட்டு மணி நேரம் போதும். நாம் நீண்ட மௌனத்தை வாங்குவது, பண்டம் தூரத்திலிருந்து வருவதாலும், அலமாரியில் மாதக்கணக்கில் காத்திருப்பதாலும்தான்.

கடைசியாக ஒரு உபயோகமான குறிப்பு. பாதி தின்ற பாக்கெட்டை மடித்து கிளிப் போட்டு வைக்கிறோம் இல்லையா? அது நமப்பிலிருந்து மட்டும்தான் காக்கும். பிரித்த நொடியிலேயே நைட்ரஜன் போயாச்சு, ஆக்சிஜன் உள்ளே வந்தாச்சு. கவரில் அச்சிட்ட தேதிக்கு இனி அர்த்தமில்லை. அது பிரிக்காத பாக்கெட்டுக்குக் கொடுத்த வாக்கு. அதனால் பிரித்ததைச் சீக்கிரம் தின்று தீர்த்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்பது வேறு விஷயம்!